பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கிய ஆய்வு ஏன் எந்தப் பட்டியலிலும் இல்லை?

ஈரோட்டுக்காரி:

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தரவரிசைப் படிவம் நிரப்புவது என் பொறுப்பு. எத்தனை காப்புரிமை, எத்தனை கட்டுரை, எத்தனை ஸ்டார்ட்அப் என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். மக்கள் பிரச்சினையைத் தீர்த்த ஆய்வு எது என்று பேச்சு வந்தால் எல்லாரும் ஒரு பொருளைத்தான் காட்டுகிறார்கள். அதில் உண்மையிலேயே நல்லவை உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்கக் கூடாது என்று சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கிய ஹோமோசெப் இயந்திரம் அப்படி ஒன்று.

ஆனால் என் கண் முன்னால் நடந்த ஒரு விஷயம் இந்தக் கட்டங்களில் எதிலும் அடங்கவில்லை. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிப் பூச்சி. கொஞ்ச காலத்திலேயே மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, செம்பருத்தி, காட்டாமணக்கு என்று கண்டதிலும் ஏறியது. வேலியோரப் பார்த்தீனியத்தைக்கூட விடவில்லை. எங்கள் வீட்டில் அப்போது பட்டுப்புழு வளர்ப்பு. மல்பெரிக் கொழுந்தில் மாவு ஏறினால் இலை சுருண்டு போகும், புழுவுக்குப் போட முடியாது. மருந்து அடித்தாலோ பூச்சி சாகிறதோ இல்லையோ, அந்த இலையைத் தின்ற புழு செத்துவிடும். எங்கள் ஊரில் மல்பெரியை வேரோடு பிடுங்கியவர்கள் உண்டு.

2010 ஜூலையில், இந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மூன்று வகைக் குளவிகள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்தன. அக்டோபரில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து மாவட்டங்களுக்குப் போகத் தொடங்கின. மூன்றில் நன்றாக நிலைத்தது அசிரோபேகஸ் பப்பாயே என்ற இனம். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடுத்த ஆண்டுக்குள் மல்பெரியில் மாவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக எங்கள் வீட்டில் ஒரு ரூபாய் செலவாகவில்லை.

விற்க ஒன்றுமில்லை, காப்புரிமை வாங்க ஒன்றுமில்லை. பூச்சியும் அடங்கிவிட்டதால் படம் எடுத்துப் போடவும் ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட ஆய்வை எப்படிக் கணக்கில் வைப்பது? அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

குச்சிக்கிழங்கு:

நாமக்கல் மாவட்டமுங்க. எங்களுக்கு மரவள்ளி. அந்த 2009-ஐ மறக்க முடியாது. நுனியெல்லாம் கொத்துக் கொத்தாச் சுருண்டு, தண்டு பூரா பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. கை வெச்சா பிசுபிசுன்னு ஒட்டும், மேல எறும்பு சாரை சாரையா ஓடும். மருந்துக் கடையில போறப்பல்லாம் வேற வேற பாட்டில் குடுத்தாங்க. அடிச்ச ரெண்டு நாள் குறைஞ்ச மாதிரி இருக்கும். அப்புறம் முன்னைவிட அதிகமா வரும். கிழங்கு பருக்கல. சேகோ ஆலையில மாவுச்சத்து பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவாங்க. பருக்காத கிழங்குக்கு என்ன பாயிண்ட் வரும்?

அப்புறம் ஒருநாள் வேளாண் அறிவியல் நிலையத்துல கூப்பிட்டு ஒரு டப்பாவைக் குடுத்தாங்க. தூக்கிப் பார்த்தா உள்ள ஒண்ணுமே இருக்கற மாதிரி தெரியல. “இதைத் தோட்டத்துல திறந்து விடுங்க, ஆனா இனிமே மருந்து அடிக்கக் கூடாது”ன்னாங்க. மருந்து அடிக்காதேன்னு ஒரு அதிகாரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பயந்துக்கிட்டேதான் விட்டேன். அடுத்த வெள்ளாமையில பூச்சி இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா செடி தேறிருச்சு.

கேள்விக்குறி:

நல்ல செய்திதான். ஆனால் இதில் பல்கலைக்கழகத்துக்கு எந்த அளவு பெருமை சேரும் என்று புரியவில்லை. குளவி மெக்சிகோவுடையது. அதை வளர்த்துக் கொடுத்தது அமெரிக்க வேளாண் துறையின் போர்ட்டோ ரிக்கோ ஆய்வகம். இறக்குமதி செய்து சோதித்தது பெங்களூரில் உள்ள மத்திய அரசு நிறுவனம். கோவையில் செய்தது பெருக்கிப் பங்கிட்டதுதானே? பங்கிடுவதை ஆய்வு என்று சொல்லலாமா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எதைப் பாராட்டுகிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா?

பூச்சியியல்:

பூச்சியியலில் முதுகலை முடித்து இந்தத் துறையிலேயே இருக்கிறேன். கேள்விக்குறி கேட்டது நியாயமான கேள்வி. அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

முதல் வேலை, பூச்சியின் பேர் தெரிவது. மல்பெரியில் ஏற்கெனவே இன்னொரு மாவுப்பூச்சி உண்டு, அது உண்டாக்கும் இலைச்சுருட்டலை டுக்ரா என்பார்கள். செடியில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே பூச்சி இல்லை. மாவுப்பூச்சியைச் சரியாக அடையாளம் காண அதைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பேர் தெரியாவிட்டால் பிறந்த ஊர் தெரியாது, பிறந்த ஊர் தெரியாவிட்டால் அங்கே அதைத் தின்று அடக்கி வைத்திருப்பது எது என்றும் தெரியாது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் முனியப்பன், பசிபிக் கடலில் உள்ள குவாம், பலாவ் தீவுகளில் இதே பூச்சியோடு வேலை செய்தவர். அவர் கோவை ஆட்களோடு தொடர்பில் இருந்தது பெரிய உதவி. குவாமில் 2002-ல் குளவிகளை விட்டு ஓராண்டில் பூச்சி 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அதாவது விடை உலகத்தில் இருந்தது, கேட்கத் தெரிந்த ஆள்தான் தேவைப்பட்டார்.

இரண்டாவது, குளவியை அடைத்து வைத்துச் சோதிப்பது. இது பெங்களூரில் நடந்தது, அந்தப் பெருமை அவர்களுக்கே.

மூன்றாவதைத்தான் நீங்கள் “பங்கிட்டது” என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள்தான் முட்டையிடும். ஆகவே குளவி வேண்டுமென்றால் முதலில் மாவுப்பூச்சியை வளர்க்க வேண்டும். மாவுப்பூச்சிக்குத் தீனியாக இருட்டறையில் உருளைக்கிழங்கை முளைக்கவிட்டு, அந்த முளையில் பூச்சியை ஏற்றுவார்கள். பூச்சி சரியான பருவத்துக்கு வந்ததும் கூண்டில் குளவியை விட வேண்டும். அசிரோபேகஸ் இரண்டாம் பருவக் குஞ்சுகளைத்தான் அதிகம் விரும்பும். ஒரு வாரம் பிசகினால் முட்டை வைக்க ஏற்ற பூச்சி இருக்காது. முளை அழுகலாம், எறும்பு புகலாம், கூண்டுக்குள் வேறு பூச்சி கலக்கலாம். இதைக் கோவையில் ஒரு ஆய்வகத்தில் செய்வது ஒரு விஷயம். ஆராய்ச்சி நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் என்று மாநிலம் முழுவதும் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்து, அந்தந்த இடத்திலேயே பெருக்க வைத்தது முற்றிலும் வேறு விஷயம். ஒரே இடத்தில் வளர்த்து லாரியில் அனுப்பியிருந்தால் பாதிக் குளவி வழியிலேயே செத்திருக்கும்.

நான்காவது, குச்சிக்கிழங்கு அண்ணன் சொன்னது: மருந்தை நிறுத்த வைத்தது. மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது, முட்டைகள் பஞ்சுப் பைக்குள் இருக்கின்றன. மருந்து அதன்மேல் சரியாகப் படாது. ஆனால் குளவிக்கு எந்தக் கவசமும் இல்லை, முதலில் சாவது அதுதான். கடன் வாங்கிப் பயிர் வைத்தவரிடம் போய், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிச் சும்மா இருங்கள் என்று சொல்லி இசைய வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் இந்த ஆய்வின் உச்சம். வேறு எந்தத் துறைக்காரரைக் கேட்டாலும் இதை “விரிவாக்கப் பணி” என்று தனிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

வன்னித்தமிழ்:

இஞ்ச இலங்கையிலயும் அதே 2008-லதான் வந்தது. நாங்கள் பப்பாசி எண்டு சொல்லுவம். முதல்ல கம்பஹா, கொழும்புப் பக்கம்தான் கதை அடிபட்டது. போர்ட்டோ ரிக்கோவில இருந்து 2009-லயே குளவியைக் கொண்டுவந்து விட்டவை. இந்தியாவில விட்டதுக்கு ஒரு வருசம் முந்தி. அந்த நேரம் எங்கட பக்கம் சனம் முகாமில, பப்பாசியைப் பற்றி ஆர் யோசிக்கிறது? பிறகு திரும்பி வந்து வளவுக்குள்ள மரம் வைக்கேக்க பூச்சிப் பிரச்சினை பெரிசா இருக்கேல்ல. ஏன் இல்லையெண்டு இந்த இழையை வாசிக்கும்வரைக்கும் நான் யோசிச்சதே இல்லை. ஈரோட்டுக்காரி அக்கா கேட்ட கேள்விக்கு என்னிட்டப் பதில் இல்லை, ஆனா அக்கா சொல்லுறது உண்மை.

கேள்விக்குறி:

பூச்சியியல், விளக்கத்துக்கு நன்றி. மூன்றாவதையும் நான்காவதையும் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம்.

ஒன்று, பணக்கணக்கு. ஐந்தாண்டில் 50 கோடி டாலருக்கு மேல், அதிகபட்சமாக 130 கோடி டாலர்வரை நன்மை என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்தக் கணக்கைப் போட்டவர்களில் திட்டத்தை நடத்தியவர்களும் இருக்கிறார்கள். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

இரண்டு, இதுதான் பெரிய கவலை. வெளிநாட்டு உயிரியைக் கொண்டுவந்து விட்டு வம்பை விலைக்கு வாங்கிய கதை உலகத்தில் ஏராளம். கரும்பு வண்டைத் தின்னும் என்று 1935-ல் ஆஸ்திரேலியாவில் விட்ட தேரை இன்றுவரை அங்கே பெரும் தொல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நாம் மகிழ்வது சரி, அடுத்த பிரச்சினை உண்டாகாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பூச்சியியல்:

பணக்கணக்கில் நீங்கள் சொல்வது சரிதான். பூச்சி அடங்காமல் போயிருந்தால் எவ்வளவு பயிர் போயிருக்கும் என்ற அனுமானத்தை மாற்றினால் எண்ணும் மாறும். நான் அந்த எண்ணை அளவின் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்வேன். கீழ் எல்லையில் பாதி என்று வைத்தாலும், உருளைக்கிழங்கும் கூண்டும் சில விமான டிக்கெட்டும் கொண்டு நடந்த வேலைக்கு அது மிகப் பெரிய பலன்.

தேரை விஷயத்துக்கு வருகிறேன். தேரை கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும். இந்தக் குளவி ஒரே பூச்சிக்குள் மட்டும் பிள்ளை வளர்க்கும். அந்தப் பூச்சி குறைந்தால் இதுவும் குறையும். அப்படியா என்று உறுதி செய்யத்தான் அடைத்து வைத்த சோதனை. ஆனால் “ஆபத்தே இல்லை” என்று நான் எழுத மாட்டேன். பார்த்தீனியத்தைத் தின்ன 1984-ல் பெங்களூரில் விட்ட மெக்சிகோ வண்டு, சில ஆண்டுகள் கழித்துச் சூரியகாந்தி இலையிலும் வாய் வைத்தது. பெரிய சர்ச்சை ஆனது. ஆராய்ந்ததில், பார்த்தீனிய மகரந்தம் விழுந்த இலைகளைத்தான் கடித்தது என்றும், சூரியகாந்தியில் அது பெருக முடியாது என்றும் தெரிந்தது. பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் கேள்வி எழுந்தது நல்லது, ஆராய வைத்ததும் நல்லது.

மதுரைப்பக்கம்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சப்பாத்திக் கள்ளியைப் பற்றி எங்கள் தாத்தா சொல்வார். அவர் சிறுவனாக இருந்தபோது மேய்ச்சல் நிலமெல்லாம் கள்ளி மூடிக் கிடந்ததாம், ஆடு போக வழி இருக்காதாம். பிறகு ஏதோ வெள்ளைப் பூச்சி வந்து கள்ளியைக் கரைத்துவிட்டது என்பார். ஊரில் அதற்கு ஆளுக்கொரு கதை. இந்த இழையைப் படிக்கும்போது அதுவும் இப்படி ஒன்றுதானோ என்று தோன்றுகிறது. யாருக்காவது தெரியுமா?

பூச்சியியல்:

ஆமாம் ஐயா, உங்கள் தாத்தா பார்த்தது உண்மை. 1926-ல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்த கள்ளிப்பூச்சி அது, டாக்டிலோபியஸ் இனம். அதற்கும் வெகு முன்னால், 1795-ல், சாயம் எடுக்கும் பூச்சி என்று நினைத்துப் பிரேசிலிலிருந்து வேறொரு இனத்தைக் கொண்டுவந்தார்கள். சாயம் தேறவில்லை, இன்னொரு வகைக் கள்ளி ஒழிந்தது. ஒரு விஷயம் பாருங்கள்: கள்ளியை அழித்து நமக்கு நல்லது செய்ததும் மாவுப்பூச்சிக்கு உறவான வெள்ளைப் பூச்சிதான். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் எதிரி இல்லை.

பொள்ளாச்சித் தென்னை:

எல்லாம் படித்தேன். எங்களுக்கு ஏன் அப்படி நடக்கவில்லை என்று யாராவது சொல்லுங்கள். 2016-ல் எங்கள் பக்கம்தான் தென்னையில் சுருள் வெள்ளை ஈ முதலில் வந்தது. இன்றுவரை ஓலையெல்லாம் கறுப்புப் பூசணம். ஈயைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது, தானாகவே வந்திருக்கிறது, மருந்து அடிக்காதீர்கள் என்றார்கள். அடிக்கவில்லை. மஞ்சள் அட்டை கட்டினோம், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம். ஒரு வருடம் குறைகிறது, வெயில் காலம் வந்தால் மறுபடி ஏறுகிறது. பப்பாளிக்கு நடந்ததை எல்லாவற்றுக்கும் நடக்கும் என்று எழுதிவிடாதீர்கள். பத்து வருடமாகக் காத்திருப்பவர்களுக்கு அது வலிக்கிறது.

பூச்சியியல்:

நீங்கள் சொல்வதில் எதையும் மறுக்க மாட்டேன். என்கார்சியா குவாடலூப்பே என்ற அந்த ஒட்டுண்ணி இருக்கும் தோப்புகளில் ஈயைக் குறைக்கிறது. ஆனால் பப்பாளியில் நடந்த மாதிரி ஒரே வீச்சில் அடக்கவில்லை. அதற்குப் பின்னால் வேறு புது வெள்ளை ஈ இனங்களும் அதே ஓலையில் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு பூச்சிக்கு ஒரு எதிரி என்ற சுலபமான கணக்கு அங்கே இல்லை. இந்த முறை எப்போதும் பலிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குச்சிக்கிழங்கு:

எனக்கும் ஒண்ணு சொல்லணும். பப்பாளிப் பூச்சி போச்சுன்னு நிம்மதியா இருந்தோம். 2020-ல மரவள்ளிக்குன்னே வேற மாவுப்பூச்சி வந்துருச்சு. கேரளாவுல திருச்சூர்ல முதல்ல பார்த்தாங்களாம், அந்த வருசம் முடியறதுக்குள்ள எங்க பக்கம் வந்துருச்சு. பழைய டப்பாவைக் குடுங்கன்னு போய்க் கேட்டேன். “இது அந்தப் பூச்சி இல்லீங்க, அந்தக் குளவி இதைத் தொடாது”ன்னுட்டாங்க. புதுக் குளவி சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல விட்டது 2022 மார்ச்சுல. நடுவுல ரெண்டு வெள்ளாமை. அதுல போன காசை யாரும் திருப்பித் தரல. குளவி வந்ததுக்குச் சந்தோசம்தான். ஆனா அந்த ரெண்டு வருசம் ஏன் ஆச்சுன்னுதான் கேக்கறேன்.

ஈரோட்டுக்காரி:

நான் தொடங்கிய இழை இப்போதுதான் கேட்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது, அண்ணா.

நீங்கள் சொன்ன பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். இது 1970-களிலேயே ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்த பூச்சி. அங்கே மரவள்ளிதான் கோடிக்கணக்கான மக்களின் சோறு. நைஜீரியாவின் இபாதானில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹான்ஸ் ஹெரனும் அவரோடு உழைத்தவர்களும் இதன் எதிரியைத் தென் அமெரிக்காவில் தேடினார்கள். பராகுவேயிலிருந்து கிடைத்த அனாகிரஸ் லோபேசி குளவியை 1981 முதல் நாடு நாடாக விட்டார்கள். அதற்காக ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்துக்கு இதே பூச்சி 2008-ல் வந்தபோது, அடுத்த ஆண்டே மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து குளவியை வாங்கிவிட்டார்கள்.

அதாவது 2020-ல் திருச்சூரில் பூச்சியின் பேர் தெரிந்த அன்றே விடையும் தெரியும். எந்தக் குளவி, யாரிடம் இருக்கிறது, எப்படி வளர்ப்பது, எல்லாமே. பெனினிலிருந்து அது இந்தியா வந்தது 2021 ஆகஸ்டில். கொரோனாக் காலம் என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. அடைத்து வைத்துச் சோதிப்பதை அவசரப்படுத்தவும் கூடாது, கேள்விக்குறி சொன்ன தேரையை மறக்க வேண்டாம். ஆனால் சோதனைக்கு முந்தைய காத்திருப்பு அறிவியல் இல்லை, அது அனுமதித்தாளும் நிதிக் கோப்பும். தாய்லாந்துக்கு வந்த பூச்சி ஒருநாள் இங்கே வரும் என்பது மரவள்ளி விளையும் சேலத்தையும் நாமக்கல்லையும் தெரிந்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். வரப்போகும் பூச்சிகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்த ஒட்டுண்ணியை எங்கே கேட்பது என்று முன்கூட்டியே எழுத்து வேலையை முடித்து வைப்பதற்கு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மதிப்பெண் கிடையாது. பூச்சியைப் பார்த்துப் பேர் சொல்லத் தெரிந்த வகைப்பாட்டு ஆளை வேலைக்கு வைத்திருப்பதற்கும் மதிப்பெண் கிடையாது. மாணவர்களும் அந்தப் பக்கம் போகத் தயங்குகிறார்கள், கட்டுரை எண்ணிக்கை ஏறாது என்று.

என் அலுவலகத்தில் இதைப் பேசப் போகிறேன். படிவத்தின் கட்டங்களை என்னால் மாற்ற முடியாது. ஆனால் ஆண்டறிக்கை நாங்கள் எழுதுவது. அதில் “இந்த ஆண்டு விவசாயிகள் எந்தச் செலவைச் செய்யாமல் இருக்க உதவினோம்” என்று ஒரு பகுதி சேர்க்கச் சொல்வேன். எத்தனை ஏக்கரில் மருந்து அடிப்பது நின்றது, எந்தப் பூச்சி எந்த மாவட்டத்தில் அடங்கியது, எது அடங்கவில்லை, தாமதம் எங்கே ஆனது என்று எல்லாம் வர வேண்டும். பொள்ளாச்சித் தென்னை எழுதியதும் அதில் வர வேண்டும்.

கேள்விக்குறி:

“எது அடங்கவில்லை” என்பதைச் சேர்க்கச் சொன்னதற்காக ஆதரிக்கிறேன். ஒரு யோசனை: கணக்கைத் திட்டம் நடத்தியவர்களே போடாமல், வேறொரு கல்லூரியின் பொருளாதாரத் துறை போடட்டும். தோட்டத்தில் போய்க் கேட்டு எழுதட்டும்.

குச்சிக்கிழங்கு:

அறிக்கையெல்லாம் நீங்க எழுதுங்க அம்மணி, நல்லது. தம்பி பூச்சியியல், எனக்கு ஒரு பதில் மட்டும் வேணும். பக்கத்துக் காட்டுல இப்ப மாவு ஏறிக் கிடக்குது. என் காட்டுல குளவி இருக்குதா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?

பூச்சியியல்:

குளவியைத் தேடாதீங்க அண்ணா, கண்ணுல படாது. பூச்சியைப் பாருங்க. நுனிக் கொத்தைப் பிரிச்சா உள்ள சில பூச்சி உப்பி, பழுப்பாகி, விறைச்சுக் கிடக்கும். தொட்டா நசுங்காது, உமி மாதிரி இருக்கும். அதுல சின்ன வட்ட ஓட்டை இருந்தா குளவி வெளியே போயிருச்சு, ஓட்டை இல்லைன்னா உள்ள இருக்கு. அப்படி இருந்தா மருந்துத் தெளிப்பானைத் தொடாதீங்க. ஓட்டை இல்லாத அந்தப் பழுப்புப் பூச்சி இருக்கற கொழுந்துகளைக் கிள்ளிப் பக்கத்துக் காட்டுச் செடியில செருகி வெச்சா குளவி அங்கேயும் போகும். ஆனா அந்தக் காட்டுல ஏற்கெனவே மாவு இருந்தா மட்டும் செய்யுங்க, சுத்தமான காட்டுக்குக் கொண்டு போனா பூச்சியை நாமளே சுமந்துட்டுப் போன மாதிரி ஆயிரும்.

பழுப்பா ஒண்ணுமே இல்லைன்னா, நாலு நுனியைக் காகிதப் பையில போட்டுக் கட்டி ஏத்தாப்பூருக்கோ உங்க வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துட்டுப் போங்க. எந்த மாவுப்பூச்சின்னு முதல்ல பேர் சொல்லச் சொல்லுங்க, அதுக்கப்புறம் குளவி கேளுங்க. நடவுக்கு மட்டும் அந்தக் காட்டுக் குச்சியை எடுக்காதீங்க.